மியூனிக் முதல் நேப்பிள்ஸ் வரை: எட்டு நாள் சாலைக் குறிப்புகள்

முதல் நாள்: மியூனிக்

ஃபிராங்க்ஃபர்ட்காரர்களிடம் ஒரு பழைய கேலி உண்டு. பக்கத்து ஊரான ஒஃபன்பாக் வண்டிகளின் நம்பர் பிளேட் 'ஓ.எஃப்.' என்று தொடங்கும். அதற்கு 'ஓனே ஃபியூரர்ஷைன்', அதாவது லைசென்ஸ் இல்லாதவன், என்று விரிவு சொல்லிச் சிரிப்பார்கள். கோடையில் கேரவன் இழுத்துக்கொண்டு வரும் மஞ்சள் பிளேட் டச்சு வண்டியைக் கண்டால் ஜெர்மன்காரர்களுக்குப் பெருமூச்சு வரும். மிலான்காரருக்கு நேப்பிள்ஸ் என்றால் கிலி. நம்மூரில் வேறு மாவட்ட நம்பரைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிடுவதில்லையா, அதே கதைதான். இந்தப் பயணம் ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து ஆஸ்திரியா வழியாக இத்தாலியின் நேப்பிள்ஸ் வரை, ஏறக்குறைய 1,200 கி.மீ. இந்த வழி முழுக்க ஒவ்வொருவரும் அடுத்த ஊர்க்காரரைக் கை காட்டுவார்கள். ஆனால் இன்று காலை இந்தச் சாலைக்கு வந்திருப்பவர்களில் அதிகம் கவனிக்க வேண்டியவர், இடப்பக்கம் ஓட்டியே பழகி, இங்கே வாடகைக் கார் எடுக்கும் நாம்தான். அதனால் இன்று ஊர் சுற்றல் கிடையாது.

முதலில் காகிதங்கள். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் வேண்டும். ஊரில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி வாங்கலாம், ஓராண்டு செல்லும். அது லைசென்ஸின் மொழிபெயர்ப்புதான், தனி லைசென்ஸ் கிடையாது. மூல அட்டையை வீட்டில் வைத்துவிட்டு இதை மட்டும் கொண்டுவந்தால் பயனில்லை. வாடகைக் கவுன்ட்டரில் சில சமயம் கேட்காமலே சாவியைத் தந்துவிடலாம். இத்தாலியில் போலீஸ் நிறுத்தினால் கேட்பார்கள். விபத்து என்றால் காப்பீட்டுக்காரரும் கேட்பார்.

கவுன்ட்டரில் மூன்று கேள்வி. ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் ஓட்டிப்போக ஒப்பந்தத்தில் எழுத்தில் அனுமதி இருக்கிறதா? காப்பீட்டில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி சேர்த்தியா? (பெரும்பாலும் சேராது. புதிதாக வலப்பக்கம் ஓட்டுபவர் முதலில் சேதப்படுத்துவது வலது முன் டயரைத்தான்.) முக்கோண எச்சரிக்கைப் பலகையும் ஒளிரும் மேல்சட்டையும் எங்கே? மேல்சட்டை டிக்கியில் இருந்தால் எடுத்து இருக்கைக்கு அடியில் வையுங்கள். வண்டி நெடுஞ்சாலையில் நின்றுபோனால், இறங்குவதற்கு முன் உள்ளேயே மாட்டிக்கொள்ளத்தான் அது.

பிறகு, பார்க்கிங்கை விட்டு வெளியே வராமல் அரை மணி நேரப் பழக்கம். ஸ்டீயரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில். நம்மூர் மாருதி, ஹூண்டாயில் இண்டிகேட்டர் வலப்பக்கக் கம்பி, வைப்பர் இடப்பக்கக் கம்பி. இங்கே நேர்மாறு. முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர்தான் ஆடும். வேடிக்கையாகத் தெரிந்தாலும், அந்த நேரத்தில் பின்னால் வருபவருக்கு நம் இண்டிகேட்டர் தெரியவில்லை என்பதை மறக்கக் கூடாது. நின்ற வண்டியில் உட்கார்ந்து இடம், வலம், வைப்பர், டிம் என்று வாய்விட்டுச் சொல்லி இருபது முறை போட்டுப் பாருங்கள். கை கற்றுக்கொள்ளும்.

அடுத்த பிரச்சினை வண்டியின் அகலம். ஊரில் வண்டியின் உடல் நமக்கு இடப்பக்கம் நீளும், இங்கே வலப்பக்கம். பழைய கணக்கிலேயே சாலை நடுவில் உட்கார்ந்ததாக நினைத்து ஓட்டுவோம், வண்டியோ வலது ஓரத்துக்குச் சரிந்துகொண்டே போகும். நிறுத்திய கார்களின் கண்ணாடி, நடைபாதையின் கல்விளிம்பு எல்லாம் இப்படித்தான் அடிபடுகின்றன. இதற்கு ஓர் அடையாளம் பிடிக்கலாம். வலது ஓரக் கல்லை ஒட்டி வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்து, ஒரு சாண் இடைவெளி வருமாறு சரிசெய்யுங்கள். பிறகு இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பாருங்கள். அந்த ஓரக்கோடு பானட்டின் நடுவில் வந்து முட்டுவதுபோலத் தெரியும். ஓடும்போது கோடு அந்த இடத்துக்கு வந்தால் ஓரத்தை உரசப் போகிறோம் என்று பொருள், இடப்பக்கம் நகருங்கள்.

சாலை நெரிசலாக இருக்கும்போது தவறான பக்கம் போக மாட்டோம், முன்னால் போகிற வண்டி வழிகாட்டும். காலிச் சாலைதான் ஆபத்து. பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, இடப்பக்கம் திரும்பி வெறிச்சோடிய தெருவில் நுழையும்போது, பார்க்கிங்கிலிருந்து காலையில் முதலில் கிளம்பும்போது: இந்த மூன்று இடங்களில்தான் பழைய கை பழைய பக்கத்துக்கு இழுக்கும். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு இந்த எட்டு நாளும் ஒரு வேலை: ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் 'வலது' என்று சத்தமாகச் சொல்வது.

இரண்டாம் நாள்: மியூனிக் – இன்ஸ்ப்ருக், சுமார் 165 கி.மீ.

ஜெர்மன்காரர் என்றால் வெறி வேகம் என்பது ஊரெல்லாம் அறிந்த பேச்சு. ஜெர்மன் நெடுஞ்சாலையான ஆட்டோபானின் பல பகுதிகளில் உச்ச வரம்பு இல்லை என்பது உண்மை. மணிக்கு 130 கி.மீ. என்பது பரிந்துரை மட்டுமே. ஆனால் அந்நாட்டுச் சாலை மரணங்களில் ஆட்டோபானின் பங்கு பத்தில் ஒன்று அளவுதான். பாதிக்கு மேல் நடப்பது நடுவில் தடுப்பு இல்லாத, 100 வரை அனுமதிக்கும் கிராமப்புறச் சாலைகளில். அழகான காட்சி என்று நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஆட்டோபானில் கவனிக்க வேண்டியது இரண்டு வண்டிகளின் வேக வித்தியாசம். நாம் 110-இல் போகிறோம், முன்னால் லாரி 85-இல். லாரியைத் தாண்டி இடைவெளிவிட்டு மீண்டும் வலத்தடத்துக்கு வர ஏறக்குறைய 12 விநாடி ஆகும். பின்னால் 200-இல் ஒருவர் வருகிறார். அவருக்கும் நமக்கும் வித்தியாசம் மணிக்கு 90 கி.மீ., அதாவது விநாடிக்கு 25 மீட்டர். கண்ணாடியில் சின்னப் புள்ளியாய் 250 மீட்டர் தள்ளித் தெரிந்தவர் பத்தே விநாடியில் நம் பின்னால் நிற்பார். அதனால் இடத்தடத்துக்குப் போகுமுன் கண்ணாடியை இரண்டு முறை, ஒரு விநாடி இடைவெளிவிட்டுப் பாருங்கள். புள்ளி பெரிதாகிறது என்றால் காத்திருங்கள். லாரியைக் கடந்ததும் வலத்துக்கு வந்துவிட வேண்டும். வலப்பக்கமாக ஓவர்டேக் கூடாது. நடுத்தடத்தில் நிதானமாகப் போய்க்கொண்டிருப்பது நமக்கு மரியாதையான ஓட்டம். இங்கே அதுதான் மோசமான ஓட்டம்.

நெடுஞ்சாலையில் ஏறும் துணைத்தடத்தின் முடிவில் நின்று, இடைவெளி பார்த்து நுழைவது நம் வழக்கம். இங்கே அது உயிருக்கே உலை. அந்தத் தடம் வேகமெடுக்கத்தான் இருக்கிறது. கியரைக் குறைத்து 90, 100 வரை மிதித்து, கண்ணாடி பார்த்து, தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்துச் சேர வேண்டும். சாலைப் பணியால் தடம் குறையும் இடத்திலோ வேறு வழக்கம்: முடியும் தடத்தில் கடைசிவரை வந்து, ஜிப் பற்கள்போல ஒன்றுவிட்டு ஒன்றாக நுழைவார்கள். பார்ப்பவருக்கு முண்டியடிப்பதுபோல் இருக்கும். சட்டம் சொல்வதே அதுதான்.

நெரிசலில் வண்டிகள் ஊரத் தொடங்கியதுமே, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும் முன்பே, இடக்கோடித் தடம் இடப்பக்கமும் மற்ற எல்லாத் தடமும் வலப்பக்கமும் ஒதுங்கி நடுவில் வழிவிட வேண்டும். ஆஸ்திரியாவிலும் இதே விதி. ஜெர்மனியில் விடாதவருக்கு அபராதம் 200 யூரோவில் தொடங்கும். நான்கு பக்க இண்டிகேட்டரை நெரிசலின் வாலில் சேரும்போது பின்னால் வருபவரை எச்சரிக்கப் போடலாம். சந்திப்பில் நேராகப் போகிறேன் என்று சொல்ல அதைப் போடும் நம் ஊர் வழக்கத்தை இங்கே யாருக்கும் புரியவைக்க முடியாது.

ஒரு சைகையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். குறுக்குத் தெருவில் நிற்கும் நமக்கு எதிரே வரும் ஜெர்மன்காரர் டிம் அடித்தால் 'நீங்கள் போங்கள்' என்று பொருள். நம்மூரில் அது 'நான் வருகிறேன், நில்'. இதன் மிச்சத்தை நேப்பிள்ஸில் பார்ப்போம்.

எல்லைக்கு முன்பே ஆஸ்திரிய விக்னெட், அதாவது நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டு, வாங்கிவிடுங்கள். ஸ்டிக்கராகவும் டிஜிட்டலாகவும் கிடைக்கிறது. ஸ்டிக்கரை கண்ணாடியில் ஒட்டினால்தான் செல்லும். டேஷ்போர்டில் கிடந்தால் வாங்காததற்குச் சமம். எல்லையிலிருந்து கூஃப்ஸ்டைன்-தெற்கு என்ற வெளியேறும் வழி வரையிலான துண்டுக்கு மட்டும் 2019 டிசம்பர் முதல் விலக்கு. இன் (Inn) ஆற்றுப் பள்ளத்தாக்கில் அகலமான சாலை இருந்தும் 100 என்று பலகை வரும். அது காற்று மாசுக்கான வரம்பு, அதற்கும் கேமரா உண்டு. 2024 மார்ச் முதல் ஆஸ்திரியாவில் அளவுமீறிய வேகத்துக்கு வண்டியையே பறிமுதல் செய்ய முடியும்.

மூன்றாம் நாள்: இன்ஸ்ப்ருக் – பிரென்னர் – போல்சானோ, சுமார் 120 கி.மீ.

ஏ-13 பிரென்னர் சாலைக்கு விக்னெட் செல்லாது, தனிச் சுங்கம். கணவாயின் உயரம் சுமார் 1,370 மீட்டர். ஏறுவது எளிது. இறங்கும்போது பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தால் பிரேக் சூடேறிக் கருகல் நாற்றம் வரும், பெடல் மெத்தென்று உள்ளே போகும். கொடைக்கானல், வால்பாறை இறங்கியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: ஏறின கியரிலேயே இறங்கு. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கைமுறைக்கு மாற்றி மூன்றில் வைத்து, பிரேக்கை விட்டுவிட்டு அழுத்துங்கள்.

இத்தாலிக்குள் நுழைந்ததும் விப்பிதேனோ அருகே சுங்கச் சீட்டு. அதைத் தொலைத்தால் மிகத் தொலைவான நுழைவிலிருந்து வந்ததாகக் கணக்கிட்டுப் பணம் கேட்பார்கள். வெளியேறும் இடத்தில் மஞ்சள் பலகைத் தடம் சுங்கத்தைத் தானாகக் கழிக்கும் டெலிபாஸ் கருவி உள்ளவர்களுக்கு மட்டும், நீலம் அட்டைக்கு, வெள்ளை ரொக்கத்துக்கு. தவறான தடத்தில் மாட்டிக்கொண்டால் ஒருபோதும் ரிவர்ஸ் எடுக்காதீர்கள். உதவிப் பொத்தானை அழுத்தினால் வண்டி எண்ணைக் குறித்து ஒரு சீட்டு வரும். 15 நாளுக்குள் இணையத்தில் கட்டிவிடலாம்.

நான்காம் நாள்: போல்சானோ – போலோன்யா, சுமார் 285 கி.மீ.

ஆல்ப்ஸ் முடிந்து போ (Po) ஆற்றுச் சமவெளி. தட்டையான நிலம், நேரான சாலை, தூக்கம் வரவழைக்கும் பாதை. இத்தாலிய நெடுஞ்சாலை வரம்பு 130. மழை பெய்தால் 110. 'டூட்டர்' என்ற பலகையைக் கண்டால், இரண்டு புள்ளிகளுக்கு இடையே சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள் என்று அறிக. கேமராவுக்கு முன் மட்டும் வேகம் குறைப்பது இங்கே பலிக்காது.

இத்தாலிக்காரர் மோசம் என்ற பேச்சை எண்களோடு ஒட்டிப் பார்க்க இதுவே இடம். 2023-இல் பத்து லட்சம் மக்களுக்குச் சாலை மரணம் ஜெர்மனியில் 34, ஆஸ்திரியாவில் 44, இத்தாலியில் 52. ஐரோப்பிய ஒன்றியச் சராசரி 46. ஆக, இத்தாலி சராசரியைவிடச் சற்று மோசம், அவ்வளவே. பல்கேரியாவில் இது 82. இந்தியாவில் 2022-இல் இறந்தவர்கள் 1,68,491 பேர், பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய 120. தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 17,884 பேர். பத்து லட்சத்துக்குச் சுமார் 230 வருகிறது. நேப்பிள்ஸ் ஓட்டத்தைப் பார்த்துத் தலையில் கை வைக்கும் நாம் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இத்தாலிக்குள்ளேயே பார்த்தால் இன்னும் வியப்பு. போலோன்யாவைத் தலைநகராகக் கொண்ட எமிலியா-ரொமான்யா செல்வமான, ஒழுங்கான பகுதி என்று பெயர் பெற்றது. நேப்பிள்ஸ் இருக்கும் கம்பானியாவுக்கோ காட்டுத்தனமான ஓட்டம் என்று பெயர். மக்கள்தொகைக் கணக்கில் சாலை மரணம் அதிகம் எமிலியா-ரொமான்யாவில்தான். காரணத்தை இன்று ஓட்டிய சாலையே சொல்கிறது: நேரான கிராமச் சாலையில் 90-இல் போகும் வண்டி மோதினால் ஆள் மிஞ்சுவதில்லை. நேப்பிள்ஸ் நெரிசலில் 20-இல் உரசினால் பம்பர்தான் போகும். நாம் பயப்படுவது சத்தத்துக்கு, சாகடிப்பது வேகம்.

போலோன்யா இதைப் புரிந்துகொண்டுதான் 2024 ஜனவரியில் நகரத் தெருக்களின் பெரும்பகுதிக்கு 30 கி.மீ. வரம்பு கொண்டுவந்தது. இத்தாலியின் பெருநகரங்களில் இதுவே முதல். கடுமையான எதிர்ப்பு இருந்தும் நகரம் விடவில்லை. சரியான முடிவு.

ஐந்தாம் நாள்: போலோன்யா – ஃபிளாரன்ஸ், சுமார் 105 கி.மீ.

வெளிநாட்டவரின் பணத்தை அதிகம் கரைப்பது வேகமோ விபத்தோ கிடையாது, 'இசட்.டி.எல்.' என்ற மூன்று எழுத்து. பழைய நகரின் நடுப்பகுதிக்குள் அனுமதி உள்ள வண்டிகள் மட்டுமே போகலாம். தடுப்புக் கட்டை இருக்காது, போலீஸ் இருக்க மாட்டார், ஒரு கேமராவும் சிவப்பு வட்டப் பலகையும் மட்டும். அருகே மின்பலகையில் 'வார்கோ அத்திவோ' என்று எழுத்து ஓடும். 'வாசல் இயங்குகிறது' என்று மொழிபெயர்த்து, திறந்திருக்கிறது போல என்று பலர் நுழைந்துவிடுகிறார்கள். கேமரா இயங்குகிறது, நுழையாதே என்பதுதான் பொருள். 'நோன் அத்திவோ' என்றால்தான் போகலாம். வழி தவறி ஒரே சுற்றில் மூன்று வாசல் கடந்தால் மூன்று அபராதம் வரலாம். செல்போன் வழிகாட்டி இதை எப்போதும் எச்சரிப்பதில்லை. விடுதி உள்ளே இருந்தால், வண்டி எண்ணைப் பதிவு செய்யச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பதில் வந்த பிறகே நுழையுங்கள்.

ஃபிளாரன்ஸுக்கு இதைவிட எளிய வழி உண்டு. ஏ-1 நெடுஞ்சாலையிலிருந்து மட்டுமே நுழையக்கூடிய வில்லா கோஸ்தான்சா பார்க்கிங்கில் வண்டியை விட்டுவிட்டு, அங்கிருந்தே கிளம்பும் டி-1 டிராமில் நகருக்குள் போகலாம். நகரத் தெருவில் சக்கரம் படவே வேண்டாம். மற்ற ஊர்களில் தெருவோரக் கோட்டைப் பாருங்கள்: நீலம் காசு, மஞ்சள் யாருக்கோ ஒதுக்கியது, வெள்ளை பெரும்பாலும் இலவசம், பலகையைப் படித்த பின்.

ஆறாம் நாள்: ஃபிளாரன்ஸ் – ரோம், சுமார் 275 கி.மீ.

ரோமைச் சுற்றும் வட்டச்சாலை சுமார் 68 கி.மீ. அதற்கு உள்ளே வண்டி தேவையில்லை. வெளிப்புற மெட்ரோ நிலையப் பார்க்கிங்கில் விட்டுவிடலாம். இங்கே நடக்கும் நமக்கு ஒரு குறிப்பு: சாலையைக் கடக்க முதலில் இடப்பக்கம் பாருங்கள். வலப்பக்கம் பார்த்துக் கால் எடுத்து வைக்கும் நம் பழக்கம் இங்கே கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்குவதற்குச் சமம். வரிக்கோட்டில் இறங்கியதும் ஓடாதீர்கள், நடுவில் தயங்கியும் நிற்காதீர்கள். ஒரே சீரான நடை. ஓட்டுபவர் அந்த நடையைக் கணித்துத்தான் வேகத்தைக் குறைக்கிறார்.

ஏழாம் நாள்: ரோம் – நேப்பிள்ஸ், சுமார் 225 கி.மீ.

இந்த வழியில் எல்லோரும் பயமுறுத்திய ஊர். நகரைச் சுற்றும் தாஞ்சென்சியாலே சாலையிலிருந்து இறங்கியதுமே தடக்கோடுகள் அலங்காரமாகிவிடும். ஸ்கூட்டர்கள் இரு பக்கமும் நுழையும். ஹாரன் விடாது. மதுரை கீழவாசலில் ஓட்டியவர்களுக்கு இந்த மொழி பாதி தெரிந்ததுதான். ஹாரன் இங்கேயும் திட்டு கிடையாது. 'உன் பக்கத்தில் இருக்கிறேன்' என்ற தகவல். டிம் அடித்தால் 'நான் வருகிறேன், நகராதே'. ஜெர்மனியில் ஐந்து நாளுக்கு முன் கற்ற பொருளோடு இங்கே நுழைந்தால் விபத்துதான். வடக்கிலிருந்து வரும் சுற்றுலாப் பயணி இந்த ஊரை அஞ்சுவதில் பெரும்பங்கு இந்த மொழி தெரியாததால் வருவது.

அதற்காக எல்லாம் பழக்கம்தானே என்று கையை விட்டுவிட முடியாது. வலப்பக்கம் திரும்பும்போது வலது கண்ணாடியை ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். நமக்கும் ஓரக்கல்லுக்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டர் இருக்கும். ஊரில் அந்தப் பக்கத்தைப் பார்க்க நம் கண் பழகவில்லை, அங்கே அது இடப்பக்கம். திடீர் பிரேக் வேண்டாம். பின்னால் ஒட்டி வருபவர் நம் சீரான வேகத்தை நம்பித்தான் ஒட்டுகிறார். முன்னுரிமைப் பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை, மியூனிக்கிலும் இதே சட்டம்தான். இங்கே பாதி சட்டமும் பாதி கண்பார்வையுமாக நடக்கிறது: எதிரில் இருப்பவர் நம்மைப் பார்த்துவிட்டாரா என்பதை உறுதி செய்த பிறகே நகருங்கள். போனைத் தொடாதீர்கள். 2024 டிசம்பர் முதல் ஓட்டும்போது போன் பிடித்தால் அபராதம் 250 யூரோவில் தொடங்கி, லைசென்ஸும் தற்காலிகமாக நிற்கும்.

இந்த ஊருக்குக் கெட்ட பெயர் சும்மா வரவில்லை. வாகனக் காப்பீட்டுப் பிரீமியம் இத்தாலியிலேயே மிக அதிகமாக இருக்கும் ஊர்களில் இது முன்னே நிற்கிறது. உரசல் அதிகம், பொய்க் கோரிக்கைகளும் அதிகம். அதனால் வண்டியைக் காவலுள்ள கட்டணப் பார்க்கிங்கில் மட்டும் விடுங்கள், இருக்கையில் ஒரு பையும் தெரியக் கூடாது.

எட்டாம் நாள்: அமால்ஃபி கரை, வண்டி ஒப்படைப்பு

நேப்பிள்ஸுக்குத் தெற்கே உள்ள அமால்ஃபி கரைச் சாலையில் வாடகைக் கார் வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. பஸ்ஸும் படகும் போதும். கோடையில் ஒற்றை, இரட்டை நம்பர் பிளேட் கட்டுப்பாடும் உண்டு. போயே ஆக வேண்டுமென்றால், பார்வை மறையும் வளைவில் நின்று ஹாரன் கொடுத்து, வளைவுக் கண்ணாடியில் பஸ் தெரிந்தால் முன்பே ஒதுங்கி வழிவிடுங்கள். வளைவுக்குள் நுழைந்த பஸ்ஸால் பின்னால் போக முடியாது.

ஒப்படைக்கும்போது நான்கு பக்கம், நான்கு சக்கரம், கி.மீ. எண், எரிபொருள் முள் ஆகியவற்றைப் படமெடுங்கள். ஒப்பந்தத்தையும் பார்க்கிங் சீட்டுகளையும் ஓராண்டு வைத்திருங்கள். இத்தாலிய அபராத அறிவிப்பு வெளிநாட்டு முகவரிக்கு 360 நாள் வரை வரலாம். அதற்கு முன் கார்டிலிருந்து வாடகை நிறுவனம் ஒரு தொகை எடுக்கும். அது முகவரியைக் காவல் துறைக்குக் கொடுத்ததற்கான கூலிதான். அபராதம் கட்டிவிட்டோம் என்று நினைத்துப் பின்னால் வரும் கடிதத்தை எறிந்துவிடாதீர்கள்.

ஊர் திரும்பியதும் முதல் சில நாள் இதே பாடம் தலைகீழாக நடக்கும். விமானம் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின்தான் இறங்கும். சென்னை விமான நிலையப் பார்க்கிங்கில் வண்டி விட்டுப்போயிருந்தால் அந்த நேரத்தில் அதை எடுக்க வேண்டாம், டாக்சி பிடியுங்கள். மறுநாள் பகலில், முன்னால் வண்டிகள் போகும்போது கிளம்பினால் போதும். பக்கத்தில் இருப்பவர் இப்போது 'இடது' என்று சொல்லட்டும்.